சூடு ஆறிய பிறகு ஈரம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். நகரப் பேருந்தை விட்டு இறங்கி, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. மாற அவரும் விடவில்லை. புதிதாகக் குடிவந்தவர் யாராவது லிஃப்டில் பார்த்து, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "டிரைவர்" என்பார். "டிரைவரா இருந்தேன்" என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது.

அவருடைய பெருமை வண்டியை ஓட்டுவதில் இல்லை, நிறுத்துவதில்தான். ஓட்டுவதற்கு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நிறுத்தத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. டிப்போவில் பின்சுவரை நோக்கிப் பேருந்தை எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் இடைவெளியில் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு விரல் போக வேண்டும், இரண்டு விரல் போகக் கூடாது. "பஸ்ஸ நிறுத்துறாரா, சுவத்துல காலண்டர் மாட்டுறாரா?" என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணினால், அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிற மனுஷன்.

மனைவி ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவள். துணியைக் கண்ணால் பார்க்க மாட்டாள், விரலால்தான் பார்ப்பாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு நுனியைப் பிடித்து லேசாகத் தேய்த்துவிட்டு, இது எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் அவர் சோபாவையும் பீரோவையும் இம்மி பிசகாமல் நகர்த்திக்கொண்டிருக்கும்போது, "வண்டியை டிப்போவிலயே விட்டுட்டு வரமாட்டீங்களா?" என்று கேட்பாள். அவரை அப்படிக் கேட்கத் தைரியம் உள்ள ஒரே ஆள் அவள்தான்.

அவள் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தாள். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவளிடம் மிச்சமிருந்தவை "என்னங்க", "வேணாம்", "வீடு" என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில சொற்கள். சிறுநீர் கட்டுப்பாடும் இல்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். "அம்மாவ ஹோம்ல சேத்துடலாம்ப்பா. உங்களால தனியா முடியாது."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உங்கம்மாவுக்கு ஹோமா? இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுக்காத."

மகள் அழுதாள், வாதாடினாள், கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். வாரத்தில் இரண்டு தரம் நர்ஸ் வந்து பார்ப்பார். அம்மாவுக்குப் படுக்கைப்புண் வந்து, அது ஆறவில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லாமல் ஹோம். டிரைவர் ஒப்புக்கொண்டார். புண் வரவிட்டால்தானே? அவர் எத்தனை பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்!

முதல் வேலையாக வீட்டை மாற்றினார். ஹாலில் கட்டிலைப் போட்டார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகிற நடையில் வாஷிங் மெஷினும் துணி காயவைக்கிற டிரையரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சக்கர நாற்காலி அங்கே திரும்பவில்லை, டிரையரின் மூலையில் இடித்தது. மகள் வாங்கிக்கொடுத்த டிரையர் அது, நல்ல பெரிய உருப்படி. டிரைவர் அதன் முன்னால் உட்கார்ந்து, தோளைக் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக நகர்த்தி, சுவரோடு சேர்த்து நிறுத்தினார். விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போயிற்று. நாற்காலியை உருட்டிப் பார்த்தார், எங்கேயும் உரசாமல் திரும்பியது. "பாத்தியா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அவளுக்குக் கீழே விரிப்பது சாதாரணப் போர்வை இல்லை. ஈரத்தை உறிஞ்சுகிற தடித்த பருத்தி விரிப்பு. நனைந்தால் ஒரு பிள்ளையின் கனம் கனக்கும். டயப்பர் கட்டினால் தோல் வெந்துபோகிறது என்று நர்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு மாற்றுவது என்பது அவள் உடம்பு சொல்கிற கணக்கு. வெளியே விடாத மழைக்காலம். பால்கனியில் துணி தொங்கவிட்டால் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். ஆகவே எல்லாமே டிரையரை நம்பித்தான் ஓடியது.

அந்த டிரையர்தான் காலை வாரிவிட்டது. முன்பெல்லாம் ஒரு தரம் ஓடினால் மொறுமொறுவென்று வெளியே வந்த துணி, இப்போது இரண்டு தரம் ஓடியும் கனமாகவே வந்தது. பிறகு மூன்று தரம். மெஷினுக்குள் விளக்கு எரிகிறது, டிரம் சுற்றுகிறது, தொட்டால் சுடுகிறது. ஆனால் காயவில்லை. வாளியில் நனைந்த விரிப்புகள் சேர்ந்துகொண்டே போயின. வீட்டில் ஒரு மக்கிய வாடை நிலையாகத் தங்கிவிட்டது.

டிரைவர் சும்மா இருப்பாரா? துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கக் கதவருகே இருக்கிற வலையை இழுத்துச் சுத்தம் செய்தார். அதில் பஞ்சு அதிகம் சேரவில்லை என்பது அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. துணிக்கு மணம் தருகிற திரவம் வலையில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வலையைக் குழாயடியில் பிடித்தார். தண்ணீர் தங்காமல் இறங்கியது. அப்படியானால் வலை மேல் தப்பில்லை. வாஷிங் மெஷின் சரியாகப் பிழியவில்லையோ என்று அதன் மேல் சந்தேகப்பட்டு, விரிப்பைக் கையால் முறுக்கிப் பார்த்தார். சொட்டுக்கூட விழவில்லை. ஒரு விரிப்பை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் அதே கதைதான். மின்சாரம் குறைவாக வருகிறது என்று காவலாளியிடம் சண்டை பிடித்தார். கடைசியில் மகளுக்கு ஃபோன் போட்டு, "நீ வாங்கிக்குடுத்த லட்சணம்" என்று ஆரம்பித்தார்.

"பின்னாடி ஒரு குழாய் இருக்கும்ப்பா, ஈரக் காத்து வெளிய போறதுக்கு. அது அடைச்சிருக்கும். இழுத்துப் பாருங்க."

"பின்னாடியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் வெச்சது வெச்சபடி இருக்கு."

அதற்குப் பிறகு மகள் எத்தனை தரம் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலை, பிழிதல், மின்சாரம், மகளின் புத்தி என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது. தான் நிறுத்திய நிறுத்தத்தின் மேல் மட்டும் வரவில்லை.

வாளி நிரம்பிவிட்டால் என்ன செய்வது? டிரையரைப் பாதியில் நிறுத்தி விரிப்பை வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சுடச்சுட இருக்கும். சூடாக இருக்கிற துணி காய்ந்த மாதிரியே இருக்கும், அதுதான் அதன் மோசம். அந்தச் சூட்டோடு கொண்டுபோய் அவளுக்குக் கீழே விரித்துவிடுவார். சூடு ஆறிய பிறகுதான் உள்ளே தங்கிய ஈரம் மெல்ல மேலே வரும். அதற்குள் அவர் அடுத்த விரிப்போடு மல்லுக்கட்டப் போயிருப்பார். திரும்பி வந்து தொடும்போது ஜில்லென்று இருந்தால், மழைக்காலத்துக் குளிர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மனுஷனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு சுலபமாகக் காரணம் கிடைக்கிறது, பாருங்கள்.

அவள் இடது கையால் விரிப்பின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும். "வேணாம்" என்பாள். "என்னங்க, வேணாம்."

"சும்மா பிடுங்காதம்மா, கிழிஞ்சிடும்" என்று அவர் அந்தக் கையை எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்துவிட்டுப் போவார். புரட்டிப் படுக்க வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தார். நோயாளி அடம்பிடித்தால் நாமும் பணிந்துபோக முடியுமா என்று வீம்பாகப் புரட்டினார்.

ஒரு நாள் நர்ஸ் அவளைத் திருப்பியதும் முகம் மாறினார். இடுப்பு எலும்பின் மேல் ஒரு சிவப்பு. அழுத்தினாலும் வெளுக்காத, புண்ணாகப் போகிற சிவப்பு. நர்ஸ் விரிப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார்.

"ஐயா, இது ஈரமா இருக்கே."

"இப்பத்தான் சிஸ்டர் டிரையர்லேர்ந்து எடுத்துப் போட்டேன். சூடா இருந்துச்சு."

"சூடா இருந்தா போதுமா? ஈரத்துல கெடந்தா தோல் ஊறிப்போயிடும்ங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா நான் பொண்ணுக்குச் சொல்லித்தான் ஆகணும். மெஷினக் காட்டுங்க, இல்ல துணிய வெளிய சலவைக்குப் போடுங்க."

வெளியே போடுவதா? பொண்டாட்டியின் மூத்திரத் துணியை ஊரான் கையில் கொடுப்பதா? அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் மென்றுகொண்டே வந்தான், மென்றுகொண்டே வேலை பார்த்தான். மெஷினின் முன்தகட்டைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்து, "ஹீட்டர் நல்லா இருக்கு சார்" என்றான். டிரம்மைச் சுற்றவிட்டு, உள்ளே கையை நீட்டி, "காத்து வெளிய போகல. போன ஈரம் திரும்பத் துணிக்கே வருது. பின்னாடி பாக்கணும்" என்று எழுந்தவன், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். "எந்த மடையன் சார் இத இப்படிச் சுவத்தோட ஒட்டி வெச்சான்?"

டிரைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கட்டிலில் அவள் விழித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் அந்த வார்த்தை விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் பின்னாடி பாக்க வேணாம். கெளம்பு."

"சார், நான் சும்மா வெளையாட்டுக்கு..."

"கெளம்புன்னா கெளம்பு! வேலை தெரியாதவனெல்லாம் பையத் தூக்கிட்டு வந்துடறான்."

மெக்கானிக் தகட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டான். போகும்போது, "கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போடுங்க சார், அவ்வளவுதான்" என்று வாசலில் நின்று சொன்னதும் அவர் காதில் விழத்தான் செய்தது. இழுத்துப் போட ஒரு மனிதனுக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைச் செய்ய அவரால் முடியவில்லை. இழுத்தால் நாற்காலி திரும்பாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அவன் சொல்லி நான் கேட்பதா என்பதுதான் உண்மையான காரணம். அந்த வீம்பில் ஒரு வாரம் போயிற்று.

அந்த வாரத்தில் சிவப்பு கறுத்தது. பிறகு தோல் திறந்துகொண்டது. நர்ஸ் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, அவரிடம் ஒன்றும் பேசாமல் கைகழுவிக்கொண்டு போனார்.

நர்ஸ் போன கையோடு டிரையரின் இரண்டு பக்கமும் பிடித்து வெறிபிடித்தவர் போல இழுத்தார். அது முன்னால் வந்தது. பின்பக்கத்துக் குழாய் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. கையில் எடுத்தபோது ஒரு இடத்தில் கிழிந்தது. உள்ளே ஈரப் பஞ்சு கட்டிகட்டியாக அடைத்திருந்தது. சுவரில் கறுப்பாகப் பூசணம். வலையில் சேராத பஞ்செல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது. எத்தனை நாளாக அந்த ஈரம் போக வழியில்லாமல், சுற்றிச்சுற்றித் துணிக்கே வந்து, துணியிலிருந்து அவளுக்கு வந்திருக்கிறது!

அன்றே கடைக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தார். குழாய் வெளியே போகிற சுவரின் துளையைக் கம்பி விட்டுத் துடைத்தார். மெஷினைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தினார். நாற்காலி திரும்பாவிட்டால் போகட்டும், அவளைத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்துகொண்டார். ஒரே ஓட்டத்தில் விரிப்பு காய்ந்தது. அதை அப்படியே மேசையில் வைத்து, சூடு முழுக்க ஆறும்வரை காத்திருந்து தொட்டார். காய்ந்தே இருந்தது.

அதை அவளுக்கு விரித்தார். அவள் இடது கை விளிம்பைத் தேடிப் பிடித்தது. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு முறை தேய்த்தது. பிறகு விட்டுவிட்டது. கை அமைதியாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. "வேணாம்" என்று அவள் சொல்லவில்லை.

டிரைவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள், வாழ்க்கை முழுக்கத் துணியைத் தொட்டே சொன்னவள் இதையும் அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர் அந்தக் கையைப் பிடித்து எடுத்து வயிற்றில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் "என்னங்க, என்னங்க" என்று பதறினாள்.

ஆனால் புண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா? அது அதன் வழியில் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்தது. நர்ஸ் மகளுக்குச் சொன்னார், மகள் வந்தாள். "டிரையர் சரியாயிடுச்சும்மா, நீயே தொட்டுப் பாரு" என்று அவர் விரிப்பை நீட்டினார். மகள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்பா மேல் கோபப்படவும் அவளுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஹோமுக்கும் அம்மாவை அவள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நிபந்தனை என்றால் நிபந்தனைதானே.

ஹோமுக்கு டிரைவர் தினமும் போனார். போனதும் செய்கிற முதல் வேலை, அவளுக்குக் கீழே கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பது. ஈரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தொடுவார். ஒரே ஒரு நாள் ஈரமாக இருந்தால் போதும், அங்கேயே கூச்சல் போட்டு, ஊரைக் கூட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு நாள்கூட ஈரமாக இல்லை. அங்கிருந்த பெண்கள் அதிகம் பேசாமல், முகம் சுளிக்காமல் வந்து வந்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. அது ஆற ஆற அவர் மெலிந்தார்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஹோமின் பொறுப்பாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "புண் நல்லா ஆறிடுச்சுங்க. நீங்க விரும்பினா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். பொண்ணுகிட்டயும் பேசினேன், அப்பா முடிவுன்னு சொல்லிட்டாங்க."

அவர் வீட்டுக்கு ஓடினார். கட்டிலைத் துடைத்தார். இருந்த விரிப்பையெல்லாம் நனைத்து, துவைத்து, டிரையரில் போட்டார். மெஷின் சொன்ன நேரத்துக்கு மணியடித்து நின்றது. எடுத்து ஆறவைத்துத் தொட்டார். காய்ந்திருந்தது. ஒருவேளை வெறும் குளிர்ச்சியோ? மறுபடி தொட்டார். கன்னத்தில் வைத்தார். ஈரமா, குளிரா? அவருக்குத் தெரியவில்லை. மறுபடி மெஷினில் போட்டார். மறுபடி எடுத்தார். விரிப்பு சருகாகக் காய்ந்து முறுமுறுத்தது, ஆனால் அவர் கை சொன்னதை அவரே நம்பவில்லை. இருட்டுகிறவரை அந்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு, தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஹோமில் அவள் அவரைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பக்கம் மலர்ந்தது. பொறுப்பாளர் அம்மா அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும். இடது கையை அவரை நோக்கி நீட்டினாள்.

"என்னங்க. வீடு?"

டிரைவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் அவர் சட்டை நுனியைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தன.

"டிரையர் இன்னும் சரியாகலம்மா" என்றார்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவர் போகிற ஒவ்வொரு நாளும் அவள் வீடு என்று கேட்பதில்லை. வாயைக் கோணி, மிகவும் கஷ்டப்பட்டு, புதிதாகக் கற்றுக்கொண்ட அந்தச் சொல்லைத்தான் கேட்பாள்.

"டிரையர்?"

"ஆள் வரச் சொல்லியிருக்கேன்மா" என்பார் அவர். "நாளைக்கு வந்து பாக்குறேன்னுருக்கான்."